காக்கை வராத கடற்கரை

கடலைப் பற்றி யாராவது ஆசையாகப் பேச ஆரம்பித்தால் நான் மெல்ல எழுந்து வெளியே போய்விடுவேன். பேச்சென்றால் பசியை மறக்கிற ஆள் நான். மாத்தளையில் மிளகும் கொக்கோவும் வாங்குகிற கடையில் தராசுக்குப் பக்கத்தில் நின்றே பாதி ஆயுளைக் கழித்தவன். மூட்டை இறக்க வருகிறவர் வாயிலிருந்து நல்ல சொல் ஒன்று விழுந்தால் அதை விடாமல் வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு நாள் சொல்லிச் சொல்லிப் பார்ப்பேன். கடல் பேச்சு மட்டும் வேண்டாம். அறுபதுகளின் நடுவில் ஓர் ஆடி அமாவாசையன்று திருகோணமலையில் நான் நின்ற இடத்தை இதுவரை யாரிடமும் சரியாகச் சொன்னதில்லை.

எங்கள் அப்பாவைச் சுதுகங்கை கொண்டுபோனது. அன்றைக்கு ஊரில் நல்ல வெயில். மழை மேலே மலையில் பெய்திருக்கிறது, எங்களுக்குத் தெரியாது. பதினாறு வயது அக்காவைக் கையில் பிடித்துக்கொண்டு அப்பா ஆற்றில் இறங்கினார். நடு ஆற்றில் தண்ணீர் நிறம் மாறியதை அக்காதான் முதலில் பார்த்தாள். அக்கா கரையேறினாள். அப்பா மூன்றாம் நாள்தான் கிடைத்தார்.

அதற்குப் பிறகு அக்கா தண்ணீரில் கால் வைத்ததில்லை. குளிப்பதெல்லாம் வாளியில். ரோட்டோரம் மழைத்தண்ணீர் தேங்கி நின்றால்கூடச் சுற்றிக்கொண்டு போவாள். பஸ் பாலத்தின் மேல் ஏறியதும் கண்ணை மூடிக்கொள்வாள். அவளைக் கட்டிய அத்தான் அலுவிகாரையில் சின்னதாகக் கடை வைத்திருந்தவர், வாய் ஓயாத பகடிக்காரர். “என் பொஞ்சாதிக்கு ஒரு கோப்பை தேத்தண்ணி கொடுத்தா முதல்ல அதோட ஆழத்தப் பாப்பா” என்று வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அக்காவும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு அவள் கண் வரை போகாது.

கல்யாணமாகி எட்டு வருஷமாகியும் பிள்ளை இல்லை. கோயிலில் யாரோ ஒருவர், “தண்ணியில போனவருக்குப் பெரிய தண்ணியிலதாம்மா செய்யணும், கிணத்தடியில செஞ்சா அவருக்குச் சேராது” என்று சொல்லிவிட்டார். சொன்னவர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். கடலைப் பார்க்கவே நடுங்குகிறவள், “தம்பி, இந்த ஆடிக்குத் திருகோணமலைக்குப் போயி நீ செய்யணும். நான் தள்ளி நின்னு பாத்துக்கிறேன்” என்றாள். மகன் நான்தானே செய்ய வேண்டும். மறுக்க முடியவில்லை.

மூன்று பேரும் பஸ் ஏறினோம். நாவுல தாண்டி, தம்புள்ளை தாண்டிக் காட்டுக்குள் பஸ் ஓடியபோது அத்தான் பக்கத்துச் சீட்டுக்காரர்களை எல்லாம் சொந்தக்காரர்களாக்கிவிட்டார். அக்கா மட்டும் ஜன்னல் கம்பியை விடவே இல்லை. அன்று ராத்திரி மடத்தில் தங்கினோம். விடிந்ததும் கடலில் ஆயிரம் பேரோடு ஆயிரம் பேராக முழுகி, எள்ளும் தண்ணீரும் விட்டு அப்பாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தேன். அக்கா ரோட்டு மேட்டில் நின்று கும்பிட்டாள்.

அதோடு முடிந்திருந்தால் இதை எழுத வேண்டியதில்லை. அமாவாசைச் சோறு இருக்கிறதே! காக்கைக்கு வைத்து அது தொட்ட பிறகுதான் வீட்டில் எவரும் வாயில் வைக்க வேண்டும். அக்கா மடத்து அடுப்பில் சோறும் பருப்பும் வாழைக்காயும் பூசணியும் ஆக்கிக் கேரியரில் போட்டுக் கொண்டுவந்து, கரையில் இலை விரித்துப் படைத்து, “கா, கா” என்று கூப்பிட்டாள். காக்கைகள் இருந்தன, நூறு இருநூறு. ஒன்றாவது வரவேண்டுமே! கரை நெடுக நூறு இலைகள் கிடந்தன. திருகோணமலைக் காக்கைகளுக்கு அன்று காலை ஒன்பது மணிக்கே வயிறு நிறைந்துவிட்டது.

“இன்னைக்கி இந்த ஊரு காக்காவுக்கெல்லாம் வயித்துப்போக்குத்தான்” என்றார் அத்தான்.

அக்கா சிரிக்கவில்லை. ஒரு காக்கை இலைக்குப் பக்கத்தில் வந்து, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுப் பறந்துபோனது. அக்காவின் முகம் வெளுத்தது.

“என் கையால வச்சதாலதான் தொடமாட்டேங்குது” என்றாள். “அப்பாவுக்கு என் மேல கோவம்.”

“பைத்தியம் மாதிரி பேசாத அக்கா.”

“நீ ஆத்துல இல்ல தம்பி. நான் இருந்தேன்.”

அவளை எப்படியாவது தேற்ற வேண்டும் என்ற அவசரத்தில் ஒரு யோசனை சொன்னேன். கரையின் கோடியில் ஒரு பாறை மூக்குப் போலக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் உயரமான செங்குத்து மலை, மேலிருந்து கீழ்வரை காடு. காட்டுக் காக்கைக்கு யார் சோறு வைத்திருக்கப் போகிறார்கள், அது பசியோடுதானே இருக்கும்? என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

உச்சி வெயில் சாய்ந்த நேரத்தில் பாறை மூக்கின் அடிக்குப் போனோம். பாறைக்கும் கடலுக்கும் நடுவில் இரண்டு முழ அகலத்துக்கு மணல். அக்கா நின்றுவிட்டாள்.

“தண்ணி இருக்கா?”

“இல்லக்கா, ஈர மண்ணுதான்.”

அது ஏன் ஈரமாக இருக்கிறது என்று நான் யோசிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் மண் ஈரமாக இருந்தால் மழை பெய்திருக்கும், இல்லாவிட்டால் பக்கத்தில் ஊற்று இருக்கும். வேறு காரணம் எங்களுக்குத் தெரியாது. அக்கா சேலையைக் கணுக்கால் வரை தூக்கிக்கொண்டு, பாறையைத் தடவித் தடவி, ஈர மண்ணில் நடந்து வந்தாள்.

அந்தப் பக்கம் அரிவாள் மாதிரி வளைந்த ஒரு துண்டுக் கரை. மறுகோடியிலும் பாறை, அதற்கு அடியில் ஆழத் தண்ணீர், நடக்க வழியே இல்லை. முதுகுக்குப் பின்னால் மலை சுவராக நின்றது. மரங்களின் வேர்கள் மண்ணைப் பிய்த்துக்கொண்டு காற்றில் தொங்கின. மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கியதால் கரை முழுக்க நிழல். ஓரிடத்தில் பாறை இடுக்கிலிருந்து விரல் தடிமனுக்குத் தண்ணீர் கசிந்து விழுந்தது. “நம்ம பீலி மாப்ள!” என்று அத்தான் கையை ஏந்திக் குடித்தார். தோட்டத்தில் குழாய் வைத்துத் தண்ணீர் விழுமே, அந்த நினைப்பு. நிழலும் இருக்கிறது, குடிக்கத் தண்ணீரும் இருக்கிறது. எங்களுக்கு வேறென்ன வேண்டும்? மலையடியில் பாய் விரித்து உட்கார்ந்தோம்.

ஆனால் அந்த இடம் எனக்குப் பிடிக்கவில்லை. காட்டுக்குள் கிளை முறிகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் ஒன்றும் அசையவில்லை. கரை நெடுக எங்கள் காலடியைத் தவிர வேறு மனிதக் காலடியே இல்லை. இவ்வளவு நிழலும் நல்ல தண்ணீரும் இருக்கிற இடத்துக்கு ஊர்க்காரர்கள் ஒருவர்கூட ஏன் வரவில்லை?

அக்கா இலை விரித்தாள், கூப்பிட்டாள். காக்கை வரவில்லை. வந்தது ஒரு மந்தி. கறுத்த முகமும் நீண்ட வாலுமாக வேரைப் பிடித்து இறங்கி, இலையில் இருந்த வாழைக்காயை முதலில் எடுத்துத் தின்றது. பிறகு சோற்றை அள்ளியது.

“பாரு, மாமாவுக்கு அவசரம். காக்காவாப் பொறக்குறதுக்குள்ள பசி வந்துருச்சு” என்றார் அத்தான்.

அக்கா கேரியர் மூடியை அவர் மேல் எறிந்தாள். “உங்க அப்பாவா இருந்தா இப்புடிப் பேசுவீங்களா?”

“சரி சரி புள்ள. மிச்சம் இருக்குல்ல, அத வையி.”

மிச்சச் சோற்றை வைத்தாள். கையில் ஒரு கழியை வைத்துக்கொண்டு மந்திக்குக் காவல் இருந்தாள். காக்கை தொடாமல் எழுந்திருக்கப் போவதில்லை என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது. காலையிலிருந்து மூவரும் பச்சைத் தண்ணீரோடு இருந்தோம். நான் அசதியில் கண்ணயர்ந்துவிட்டேன் போலிருக்கிறது. விழித்தபோது அத்தான் என் தோளை அழுத்திக்கொண்டிருந்தார்.

“மாப்ள, அலை கொஞ்சம் நீளமா வருதோ?”

பார்த்தேன். நாங்கள் வந்தபோது இருபது எட்டுக்கு அப்பால் இருந்த கடல் இப்போது பத்து எட்டில் இருந்தது. எழுந்துபோய்த் தண்ணீரைக் கையில் அள்ளினேன். கண்ணாடி மாதிரித் தெளிவு.

“நிறம் மாறல அத்தான். வெள்ளம்னா கலங்கி வருமே. பயமில்ல” என்றேன்.

நிறத்தைப் பார்த்துத்தான் நாங்கள் தண்ணீரை நம்புவோம். ஆறு செம்மண்ணாக வந்தால் விலகு, தெளிந்தால் இறங்கு. கடலிடமும் அதே கணக்கைப் போட்டேன். திரும்பி வந்து அக்கா பக்கத்தில் உட்காரும்போதுதான் அவள் சாய்ந்திருந்த பாறையைக் கவனித்தேன். பொடிப்பொடியாகச் சிப்பிகள் ஒட்டிக்கிடந்தன. கை வைத்தேன், வழுவழுவென்று பாசி, உள்ளே ஈரம். உட்கார்ந்திருந்த அக்காவின் தலைக்கு மேலே ஒரு சாண் வரை அந்தச் சிப்பிக் கோடு போயிருந்தது. அதற்கு மேல் பாறை காய்ந்து வெள்ளையாக இருந்தது.

சிப்பி தண்ணீரில்தானே வளரும்?

அக்காவிடம் சொல்லவில்லை. அத்தானைக் கண்ணால் கூப்பிட்டு, சும்மா காலாற நடப்பதுபோலப் பாறை மூக்குக்குப் போனேன். ஈர மணலைக் காணவில்லை. அந்த இடத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அலை வந்து பாறையில் மோதி, நுரையைக் கக்கி, திரும்பும்போது எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொண்டு போனது. அந்த உறிஞ்சுகிற சத்தம் இப்போதும் சில நேரம் என் காதில் கேட்கும்.

“வடிஞ்சிரும் மாப்ள. எங்கயோ மேல மழை.”

“கடலுக்கு மேல ஏது அத்தான்?”

அவர் திரும்பி மலையை அண்ணாந்து பார்த்தார்.

திரும்பிப் பார்த்தால் அக்கா எங்களுக்குப் பின்னால் நிற்கிறாள். பார்த்துவிட்டாள். கத்தவில்லை, அழவில்லை. பின்னோக்கியே நடந்துபோய், மலையடியில் கிடந்த ஒரு கல்லின் மேல் ஏறி, தொங்கிய வேர் ஒன்றை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அலை வந்து பாயை நனைத்தது. இலையும் சோறும் மிதந்து, கொஞ்சம் சுற்றி, கடலுக்குள் போயின. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மலையேறத் தெரிந்தவர்கள்தானே நாங்கள்! அத்தான் வேரைப் பிடித்து ஏறினார். மண் உதிர்ந்து எங்கள் தலையில் விழுந்தது. மேலே அவர் கூவுகிற சத்தம் கேட்டது. தரைக்காற்று அந்தக் கூவலை வாங்கிக் கடலுக்குள் எறிந்தது. இறங்கி வந்தபோது முழங்கையெல்லாம் ரத்தம்.

“பாதிக்கு மேல சுவரு மாதிரி. அதுக்கு மேல முள்ளுக்கம்பி, உள்ள வரக்கூடாதுன்னு போர்டு வேற போட்டிருக்கு. ஆள் அரவமே இல்ல. இவளைக் கூட்டிக்கிட்டு அங்க ஏற முடியாது.”

“அப்போ இருப்போம். கொஞ்ச நேரத்துல வடிஞ்சிரும்” என்றேன்.

வேரைப் பிடித்தபடி அக்கா சொன்னாள்: “அப்பாவும் அப்புடித்தான் சொன்னாரு.”

அந்த நேரத்தில் கடல் அவளுடைய கல்லைத் தொட்டுவிட்டுப் போனது. பொழுது சாய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும். நான் போய் ஆள் கூட்டி வருவதாகச் சொன்னேன். அத்தான் மாற்றுத்துணி மூட்டையை என் தலையில் வைத்து, “இதாவது நனையாம போகட்டும்” என்றார். குரலில் பகடி இல்லை.

பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்கினேன். முதல் அலை நெஞ்சில் அடித்தது. தாங்கிவிட்டேன். அது திரும்பும்போதுதான் தெரிந்தது; காலடியிலிருந்த மணல் உயிருள்ள பண்டம் மாதிரி நழுவி ஓடியது. ஆற்றில் ஒரே பக்கம்தான் இழுக்கும், எதிர்த்துச் சாய்ந்து நிற்கலாம். இது எந்தப் பக்கம் இழுக்கும் என்று முன்கூட்டித் தெரியவே இல்லை. இருபது எட்டு இருக்கும், அவ்வளவுதான். கடந்து வந்து மணலில் விழுந்தபோது பல் அடித்துக்கொண்டது. மூட்டையை அங்கேயே வைத்துவிட்டு ஓடினேன்.

காலையில் கூட்டமாக இருந்த கரை இப்போது வெறிச்சோடியிருந்தது. தோணி ஒன்றின் நிழலில் ஒரு மீனவப் பெண், ஐம்பது வயதிருக்கும், கருவாடு அள்ளிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கச் சொன்னேன்.

“கல்லுக்கு அங்காலயா? இண்டைக்கா?” அவள் கூடையைப் போட்டாள். “அமாவாசையில கடல் பெருகுமெண்டு உங்களுக்கு ஆரும் சொல்லல்லியா?”

“நாங்க மாத்தளைங்க. அமாவாசைன்னுதான் வந்தோம்.”

“நல்லா வந்தீங்க” என்று சொல்லி, தோணியிலிருந்து ஒரு நீளக் கம்பை உருவிக்கொண்டு நடந்தாள். ஆம்பிளைகள் எல்லாம் தொழிலுக்குப் போய்விட்டார்களாம். நான் கயிறு கேட்டேன். ஆற்றைக் கடக்க நாங்கள் கயிறு கட்டி, கையைக் கோர்த்துக்கொண்டு இறங்குவோம்.

“கயிறு எதுக்கு? ஒராளை அலை அடிச்சா மற்ற ஆளையும் சேத்து இழுக்கவா? கடலுக்குள்ள ஒருத்தரை ஒருத்தர் பிடிக்கப்படாது தம்பி. நீ இஞ்சயே நில்லு, குறுக்க வராத.”

அவள் மட்டும் இறங்கிப் போனாள். பாறை மூக்கின் இந்தப் பக்கம் ஒரு திட்டில் ஏறி நான் பார்த்தேன். அக்கா நின்ற கல் முழங்கால் அளவுக்கு மூழ்கியிருந்தது. அவள் வேரை விடவில்லை. அந்தப் பெண் அக்காவின் காதோரம் என்னவோ சொன்னாள். பிறகு அதட்டினாள், அது எனக்கும் கேட்டது.

“தண்ணியப் பாக்காத புள்ள, என்ட முதுகைப் பாரு. பெரிய அலை மூண்டு வரும், பிறகு சோரும். நான் நட எண்டா நட. நில் எண்டா நில்.”

அக்கா வேரை விட்டாள். எப்படி விட்டாள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. முன்னால் அந்தப் பெண், பின்னால் அக்கா, நடுவில் ஒரு முழம் வெறும் தண்ணீர். யாரும் யார் கையையும் பிடிக்கவில்லை. பாதி வழியில் ஓர் அலை வந்தது. அக்காவின் தலையைக் காணவில்லை. எனக்குத் தெரிந்த சாமி பெயர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வாய்க்கு வந்து ஒன்றும் வெளியே வரவில்லை. பிறகு கறுப்பாக முடி தெரிந்தது, நெற்றி தெரிந்தது, இருமிக்கொண்டே எழுந்து நின்றாள். நடந்தாள். கரையேறி மணலில் குப்புறப் படுத்து, மணலை இரண்டு கையாலும் அள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

“எங்க அவரு?” என்றாள்.

அத்தான் வரவில்லை. அக்கா விட்ட வேரை இப்போது அவர் பிடித்துக்கொண்டிருந்தார்.

“நான் காவலுக்கு இருக்கேன்! நீங்க போங்க! வடிஞ்சதும் வர்றேன்!” என்று கத்தினார். சிரிப்பதுபோல ஆரம்பித்த குரல் பாதியில் உடைந்தது. இத்தனை வருஷமாக அக்காவின் பயத்தையே பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் ஒருவரும் அவருடைய பயத்தைப் பார்க்கவில்லை.

அந்தப் பெண் கடலையும் வெளிச்சத்தையும் பார்த்தாள். “இன்னும் ஏறும். இருட்டினாப் பிறகு நான் இறங்கமாட்டன். பயந்த ஆம்பிளை, என்ட கழுத்தைப் பிடிச்சாரெண்டா ரெண்டு பேரும் சரி. அவர் நம்புற ஆள் ஒண்டு முன்னால நிண்டு கூப்பிட வேணும்.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

நான் தண்ணீரைப் பார்த்தேன். ஒரு தடவை கடந்து வந்தவன்தான். ஆழம் தெரியும், தூரம் தெரியும். இருபது எட்டு. ஆனால் காலடியில் நழுவிய அந்த மணல் மறுபடியும் நழுவுவதுபோல, நான் நின்ற காய்ந்த மணலே நழுவுவதுபோல இருந்தது. “போறேன்” என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்தது எனக்குத் தெரியும். சத்தம் வரவில்லை.

அக்கா எழுந்தாள். என்னைப் பார்க்கவில்லை, அந்தப் பெண்ணையும் பார்க்கவில்லை. ஈரச் சேலையை இழுத்து இடுப்பில் செருகினாள். “நில்லுன்னா நிக்கணும், நடன்னா நடக்கணும், அவ்வளவுதானே?” என்று கேட்டாள். “ஓம்” என்றாள் அந்தப் பெண். இருவரும் இறங்கினார்கள்.

அக்கா கல்லுக்கு மூன்று எட்டு இப்பால் நின்றாள். தண்ணீர் மார்பளவு இருந்தது. அத்தானிடம் அவள் பேசியது எனக்கு முழுக்கக் கேட்கவில்லை. “என்னங்க” என்பது கேட்டது. “அங்க பாக்காதீங்க, என்னைப் பாருங்க” என்பது கேட்டது. வெகுநேரம் கழித்து அவர் வேரை விட்டார். நீண்ட கம்பால் அந்தப் பெண் பின்னாலிருந்து அவருக்கு வழி காட்டினாள். அக்கா முகத்தை அவருக்குக் காட்டியபடி, முதுகு என் பக்கமாக, பின்னோக்கியே நடந்து வந்தாள். அலை வருவதை அவள் பார்க்கவில்லை. “நில்” என்று கேட்டதும் நின்றாள்.

மூவரும் கரையேறியபோது இருட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல் அத்தான் கையெடுத்துக் கும்பிட்டார். அவள், “போய்ச் சோறு தின்னுங்க முதல்ல” என்று சொல்லிவிட்டுக் கருவாட்டைப் பார்க்கப் போய்விட்டாள்.

மடத்தில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் இருந்துதான் ஊர் திரும்பினோம். அத்தான் ஒரு மாதம் பகடி பேசவில்லை, பிறகு பேசினார். அக்கா அதற்குப் பின்னும் ஆற்றில் இறங்கியதில்லை. ஒரு நாள் கடந்தாள் என்பதற்காகப் பயம் போய்விடுமா என்ன?

ஊரில் கேட்கிறவர்களுக்கு எல்லாம் அக்காவே கதை சொல்வாள். நான் போன பகுதிக்கு வரும்போது, “தம்பிதான் ஓடிப்போயி ஆளக் கூட்டிட்டு வந்தான்” என்பாள். அத்தானைக் கூட்டிவரத் தான் திரும்ப இறங்கிய இடம் வந்ததும், “தம்பி மூட்டையப் பாத்துக்கிட்டு கரையில நின்னான், இல்லாட்டி மாத்துத்துணியையும் எவனாவது தூக்கிக்கிட்டுப் போயிருப்பான்” என்பாள். நான் எதிரில் இருந்தால் அந்த இடத்தில் குரலைக் கொஞ்சம் கூட்டிச் சொல்வாள். எனக்காகச் சொல்கிறாளா, உண்மையாகவே அப்படித்தான் நினைக்கிறாளா என்று நான் கேட்டதில்லை. தலையை ஆட்டுவேன்.

மூட்டையை யாரும் தூக்கிக்கொண்டு போயிருக்க முடியாது. அந்தக் கரையில் அப்போது என்னைத் தவிர ஒருவரும் இல்லை.